தனுஷ்கோடில பறவை பாக்க ஒரு நாள் இருக்கா? பூநாரைய தேடாதீங்க, தண்ணிய தேடுங்க

கேட்டது இதுதான்: ஜனவரி கடைசில குடும்பத்தோட ராமேஸ்வரம் வர்றாங்க, கோவில் தரிசனம் முடிச்சதும் ஒரு முழு நாள் கையில இருக்கு, தனுஷ்கோடில ஃப்ளமிங்கோ எந்த இடத்துல நிக்கும், எத்தனை மணிக்குப் போகணும், வேற என்னென்ன பறவை, பிராணி எல்லாம் பாக்கலாம், இதுக்காக பைனாகுலர் வாங்கணுமா. நான் இந்த ஜில்லாக்காரன், பல வருஷமா அந்தப் பக்கம் சுத்துறவன், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல பூநாரை, அதாவது நீங்க கேட்ட ஃப்ளமிங்கோ. "இந்த இடத்துல நிக்கும்"னு யாராவது மேப்ல ஒரு புள்ளி வச்சுக் குடுத்தா நம்பாதீங்க. அதுங்க இடத்துக்காக வர்றதில்ல, தண்ணியோட ஆழத்துக்காக வருது. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை பேஞ்சு, கடலும் பொங்கி உள்ள வந்து, கோதண்டராமர் கோவில் பக்கமும் அதுக்கு அப்புறம் கிழக்கால போற வழியிலயும் பெரிய பெரிய காயலா, தரவையா, அதாவது தட்டையான வெட்டவெளியா, தண்ணி கட்டி நிக்கும். மழை நல்லா பேஞ்ச வருஷம் ஜனவரி ஆரம்பத்துல தண்ணி ஆழமா இருக்கும், அப்ப பூநாரை அங்கங்க சிதறி, ரொம்ப தூரத்துல ஒரு வெள்ளைக் கோடாத்தான் தெரியும். தண்ணி வத்தி முழங்கால் அளவுக்கு, அதாவது அதோட முழங்கால் அளவுக்கு, வந்ததும் ரோட்டுப் பக்கமா நெருங்கி வரும். அதனால நீங்க வர்ற ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் வாரம் எல்லாம் நல்ல நேரம்தான், ஆனா மழை எப்படி இருந்துச்சுங்கறதப் பொறுத்து. இன்னொண்ணு, பொங்கல் சமயத்துல தமிழ்நாடு முழுக்க பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், 2015-ல இருந்து வருஷா வருஷம் நடக்குது, அந்த நாலு நாள்ல நிறைய பேர் தனுஷ்கோடில பாத்த பறவை லிஸ்ட ஈபேர்ட்ங்கற (eBird) பறவைப் பதிவுத் தளத்துல போடுவாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை பாத்துட்டு வந்தா எந்தப் பக்கம் கூட்டம் இருக்குன்னு ஒரு ஐடியா கிடைச்சுரும்.

இந்தத் தீவுல வானிலையும் காத்தும் தெரியலைன்னா பறவையும் தெரியாது. தனுஷ்கோடியோட கடைசி நுனியான அரிச்சல்முனைக்குப் போற ரோட்டுல உங்களுக்கு இடது கை பக்கம் பாக் விரிகுடா, வலது கை பக்கம் மன்னார் வளைகுடா. மீனவங்க இடதுபக்கத்தை பெண் கடல்னும் வலதுபக்கத்தை ஆண் கடல்னும் சொல்லுவாங்க, ஒண்ணு அமைதி, ஒண்ணு ஆவேசம்னு. ஆனா வாடைக்காத்து வீசுற மாசத்துல பெண் கடலும் நல்லாவே ஆடும், அதையும் அவங்களே சொல்லுவாங்க. இங்க ஓத ஏத்த இறக்கம் ரொம்ப கம்மி, ஒரு மீட்டர் கூட வராது. குஜராத் கடற்கரை மாதிரி கடல் கிலோமீட்டர் கணக்குல பின்வாங்கி சேறு தெரியறதெல்லாம் இங்க இல்ல. இங்க சேத்தத் தெறந்து காட்டுறதும் மூடுறதும் பெரும்பாலும் காத்துதான், தட்டையான தரவைல காத்து தண்ணிய ஒரு பக்கமா ஒதுக்கி வச்சிரும், எதிர்ப்பக்கம் ஈர மண்ணு தெரியும், பறவை எல்லாம் அங்க இறங்கும். அதனால வண்டிய விட்டு இறங்கினதும் காத்து எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு பாருங்க, அப்புறம் தண்ணி ஒதுங்கி ஈரம் பளபளக்குற ஓரத்தை தேடுங்க. இது ஒண்ணு பழகிட்டா பாதி வேலை முடிஞ்சது.

காலையில சூரியன் வர்றதுக்கு முன்னாடியே ராமேஸ்வரத்துல இருந்து கிளம்பிருங்க. அரிச்சல்முனை வரைக்கும் சுமார் 20 கிமீ சொச்சம். எல்லாரும் செய்யறது என்னன்னா ஆட்டோவப் பிடிச்சு நேரா முனைக்குப் போயி செல்ஃபி எடுத்துட்டு திரும்பிருவாங்க, நடுவுல ரெண்டு பக்கமும் இருக்கிறத கண்டுக்கறதே இல்ல. நீங்க அதை மாத்தி செய்யுங்க. கோதண்டராமர் கோவிலுக்குப் பிரியற ரோட்டுல முதல்ல நில்லுங்க, 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியே போனப்பவும் நின்ன கோவில் அது, அந்தக் கோவிலுக்குப் போற பாதையோட ரெண்டு பக்கமும் தண்ணிதான். ஜனவரில சூரியன் தெக்கால சாய்ஞ்சுதான் போகும், அதனால மெயின் ரோட்டுல நின்னு வடக்க பாத்தீங்கன்னா வெளிச்சம் எப்பவும் உங்க முதுகுப் பக்கம், பறவையோட கலர் சரியா தெரியும். தெக்கால கடல் பக்கம் பாத்தா எல்லாமே கருப்பு நிழலாத்தான் தெரியும், காலைல அந்தப் பக்கம் மெனக்கெடாதீங்க.

பூநாரை கிட்டத்துல கிடைச்சா உடனே போட்டோ எடுத்துட்டு நகந்துறாதீங்க, ஒரு கால் மணி நேரமாவது உக்காந்து ஒரே ஒரு பறவைய மட்டும் பாருங்க. தலைய தலைகீழா கவுத்து தண்ணிக்குள்ள விட்டிருக்கும், நாக்கு பம்ப் மாதிரி வேகமா முன்ன பின்ன போயி தண்ணிய உள்ள இழுத்து வெளிய தள்ளும், அலகோட ஓரத்துல இருக்கிற சீப்புப் பல்லு மாதிரி இருக்கிற தகடுல பூச்சியும் பாசியும் சிக்கும். கால் சும்மா நிக்காது, ஒரே இடத்துல மிதிச்சு மிதிச்சு சேத்தக் கலக்கிக்கிட்டே வட்டமா சுத்தும். தண்ணி வத்தினப்புறம் அந்தத் தரவைல போயிப் பாத்தீங்கன்னா வட்ட வட்டமா பள்ளம் இருக்கும், நடுவுல மேடு, எல்லாம் இதுங்க மிதிச்சதுதான். கூட்டத்துல சாம்பலும் பழுப்புமா அழுக்கா நிக்கிறதெல்லாம் வேற இனம் இல்ல, குஞ்சுங்க. பிங்க் கலர் பிறப்புல வர்றதில்ல, தின்கிற தீனில இருந்து வர்ற நிறமி சேந்து சேந்து வருஷக்கணக்குல ஏறுறது. இதுங்க இங்க கூடு கட்டுறதும் இல்ல. நம்ம நாட்டுல இதுங்க பெருசா முட்டை வைக்கிற இடம் குஜராத்ல கட்ச் பக்கத்து பெரிய ரண்ங்கற உப்பு வெளி.

2025 ஜூன்ல தமிழ்நாடு அரசு இந்தப் பகுதிய பெரும் பூநாரை சரணாலயமா அறிவிச்சாங்க, சுமார் 524.7 ஹெக்டேர். அப்ப அரசு குடுத்த கணக்குப்படி 2023-24 ஈரநிலப் பறவைக் கணக்கெடுப்புல இங்க 128 இனம், 10,700-க்கு மேல பறவைங்க. பேருல பூநாரை இருந்தாலும் அந்த 128-ல அது ஒண்ணு மட்டும்தான்னு ஞாபகம் வச்சுக்கங்க. என்னைக் கேட்டா இந்தத் தீவோட உண்மையான சரக்கு, ஈர மண்ணுல எலிக்குஞ்சு மாதிரி குடுகுடுன்னு ஓடி டக்குனு நிக்கும் பாருங்க, அந்த சின்னச் சாம்பல் பறவைங்கதான்.

அதுல பெரும்பாலானது மணல் உப்புக்கொத்தி (உப்புக்கொத்தின்னா இங்கிலீஷ்ல புளோவர்). பழைய புத்தகத்துல சின்ன மணல் உப்புக்கொத்தின்னு ஒரே இனமா போட்டிருக்கும், இப்ப அதை சைபீரியன், திபெத்தியன்னு ரெண்டா பிரிச்சுட்டாங்க, குளிர்கால இறகுல ரெண்டையும் பிரிச்சுச் சொல்றது எக்ஸ்பர்ட்டுக்கே தலைவலி, நீங்க அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆனா கூட்டத்தோட சேராம, காஞ்ச மணல் ஓரத்துல ஜோடியா, அதைவிட சின்னதா, கழுத்துல முழுசா வெள்ளைப் பட்டையோட ஒண்ணு ஓடுச்சுன்னா நின்னு பாருங்க, அது ஹனுமான் புளோவரா இருக்கலாம். ரொம்ப காலமா இதை கெண்டிஷ் புளோவரோட ஒரு கிளைன்னுதான் வச்சிருந்தாங்க, மன்னார் பக்கத்துல இலங்கை ஆய்வாளர்கள் உடம்பு அளவு, மரபணு எல்லாம் எடுத்துப் பாத்து 2023-ல இது தனி இனம்னு எழுதினாங்க, சேதுப் பாலத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற பறவைங்கறதால அனுமார் பேரு. மத்த உப்புக்கொத்தில பெரும்பாலானது கோடை வந்தா வடக்க கிளம்பிரும், இது இங்கயே இருந்து இந்த மணல்லயே முட்டை வைக்கும். உள்ளூர்க்காரன்.

அடுத்து நண்டு தின்னி. கருப்பும் வெள்ளையுமா, நீளக் காலு, உடம்புக்கு சம்பந்தமே இல்லாம தடிச்ச கருப்பு அலகு, கழுத்தை உள்ள இழுத்துக்கிட்டு கூன் போட்டு சோம்பேறி மாதிரி நிக்கும், நண்டு வெளிய வந்தா மட்டும் நாலு எட்டு ஓடி ஒரே குத்து. உலகத்துல இந்தக் குடும்பத்துல இது ஒரே ஒரு இனம்தான். பாரசீக வளைகுடா, ஓமன், செங்கடல் பக்கம்தான் பெருசா முட்டை வைக்கும், கரையோரப் பறவைல மணலுக்குள்ள பொந்து தோண்டி முட்டை வைக்கிறது இது மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு வெள்ளை முட்டை, வெயில்ல சூடாகுற மணலே பாதி அடைகாக்குற வேலைய பாத்துக்கும். சேதுத் திட்டுகள்ல இலங்கைப் பக்கம் கூட இனப்பெருக்கம் பதிவாகியிருக்கு. குளிர்காலத்துல இங்க வர்றப்ப, முதுகு சாம்பலா இருக்கிற குஞ்சு அப்பவும் அம்மா அப்பா பின்னாடியே கத்திக்கிட்டு தீனி கேக்கும், அவ்வளவு தூரம் பறந்து வந்தும் ஊட்டி விடணும் அதுக்கு. கோதண்டராமர் கோவில் பக்கம் கிடைக்கலைன்னா கிழக்கால போகப் போக தரவை ஓரத்துல தேடுங்க. ஆளக் கண்டா சீக்கிரம் பறக்கிற ஜாதி இது, அதனால வண்டிக்குள்ள இருந்தே பாருங்க.

பத்து மணிக்கு மேல முனைக்குப் போங்க, குழந்தைங்க இருந்தா அவங்களும் அங்கதான் கேப்பாங்க. முகுந்தராயர் சத்திரத்துல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் ஒம்பதரை கிலோமீட்டர் ரோடு 2017-ல திறந்தாங்க, அதுக்கு முன்னாடி மீனவங்க வேன்ல மணல்லயும் தண்ணிலயும் குலுங்கிக்கிட்டே போகணும். ரோடு வந்தது எல்லாருக்கும் வசதி, பறவைக்கு மட்டும் இல்ல. முனைல கூட்டம் ஜாஸ்தி, ஆனாலும் ஆண் கடல் பக்கம் அலை ஓரத்துல கொஞ்சம் தள்ளி நடந்தீங்கன்னா அலை பின்வாங்குறப்ப துரத்திக்கிட்டு ஓடி, அலை திரும்பினா அதுக்கு முன்னாடி ஓடி வர்ற வெளிறின சின்ன உள்ளான் கூட்டம் இருக்கும், அது சாண்டர்லிங், ஆர்க்டிக் பக்கத்துல இருந்து வர்றது. ஒதுங்கிக் கிடக்கிற கடல் தாழை குப்பைய அலகால நெம்பிப் புரட்டிப் பாக்குற ஆரஞ்சுக்கால் பறவை கல்திருப்பி. கடற்காகத்துல (ஸீகல்) அதிகமா இருக்கிறது பழுப்புத் தலை, ஆனா ஜனவரில தலை பழுப்பா இருக்காது, வெள்ளைத் தலைல கண்ணுக்குப் பின்னாடி ஒரு கருப்புப் புள்ளி மட்டும் இருக்கும். லடாக், திபெத் ஏரில கோடைய கழிச்சுட்டு இங்க வர்றது. தயவு செஞ்சு அதுக்கு மிக்சரும் பொரியும் வீசாதீங்க, வீசுற ஆளுங்களப் பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும்.

கடற்காகத்தையும் ஆலாவையும் எப்படி பிரிக்கிறதுன்னு கேப்பீங்க. ஆலா ஒல்லி, றெக்கை கூர்மை, வாலு பிளந்திருக்கும், தண்ணிக்கு மேல ஒரே இடத்துல றெக்கை அடிச்சு நின்னு தலைகீழா பாயும். பெரிய சிவப்பு அலகு இருந்தா காஸ்பியன் ஆலா, மஞ்சள் அலகும் கலைஞ்ச கொண்டையும் இருந்தா பெரிய கொண்டை ஆலா, அதுலயே சின்னதா ஆரஞ்சு அலகோட இருந்தா சின்ன கொண்டை ஆலா. மணல் திட்டுல எல்லாம் ஒரே திசைல, காத்துக்கு மூஞ்சிய காட்டி வரிசையா உக்காந்திருக்கும், அப்ப மெதுவா ஒவ்வொண்ணா அலகு கலர் பாருங்க, குழந்தைங்களுக்கு நல்ல விளையாட்டு இது.

முனைக்கு அப்பால தெரியற மணல் திட்டுகளுக்கு யாராவது படகுல கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா போயிறாதீங்க. தலைமன்னார் சுமார் 30 கிமீ தூரம்தான், எல்லைப் பகுதி, கடற்படையும் கடலோரக் காவல்படையும் எப்பவும் கண்காணிப்புல இருப்பாங்க, ட்ரோன் எல்லாம் பையில இருந்து எடுக்கவே எடுக்காதீங்க. அந்தத் திட்டுகள்லதான் ஆலாங்க ஆயிரக்கணக்குல முட்டை வைக்குது, இலங்கை அரசு அவங்க பக்கத்தை 2015-ல தேசியப் பூங்காவாவே ஆக்கிட்டாங்க, ஆளு இறங்கினா மொத்தக் கூட்டமும் எழும்பி முட்டை வெயில்ல வெந்துரும்.

மத்த பிராணிங்க விஷயம். கடல் பசு பாக்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க, இந்தப் பக்கம் மீனவங்க ஆவுளியான்னு சொல்லுவாங்க. பாக் விரிகுடால 448 சதுர கிமீ 2022 செப்டம்பர்ல கடல் பசு பாதுகாப்பகமா அறிவிச்சாங்க, ஆனா அது இங்க இருந்து வடக்கால தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல்ல, அதோட கரைல நின்னு ஆவுளியா பாக்குறது நடக்காத காரியம். ஓங்கில், அதாவது டால்ஃபின், கிடைக்கலாம், காத்து இல்லாத காலைல பாம்பன் ரோட்டுப் பாலத்துல போறப்ப தண்ணிய கவனிங்க, ஆனா பாலத்துல வண்டிய நிறுத்தக் கூடாது. பாலத்துக்குக் கீழ மீன் இறங்குற பக்கம் செம்பருந்து தலைக்கு மேலயே வட்டம் போடும், பைனாகுலரே வேண்டாம்.

ஆமை உங்களுக்குப் பாதி அதிர்ஷ்டம். பங்குனி ஆமை ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் ராத்திரில கரை ஏறி முட்டை வைக்கும், வனத்துறை ஆளுங்க விடியறதுக்குள்ள நடந்து முட்டைய எடுத்து பொரிப்பகத்துல புதைச்சு வச்சிருவாங்க, பொரிக்க ஒண்ணரை மாசத்துல இருந்து ரெண்டு மாசம் ஆகும். அதனால ஜனவரில குஞ்சு கடல்ல விடுறதப் பாக்க முடியாது, அதுக்கு மார்ச், ஏப்ரல்ல வரணும். ஆனா காலைல சீக்கிரம் போனீங்கன்னா மணல்ல ஏறி இறங்கின தடம் இருக்கலாம், இடது துடுப்பும் வலது துடுப்பும் மாத்தி மாத்தி பதிஞ்ச ரெண்டு வரிசை, ஒண்ணு கடல்ல இருந்து மேல, ஒண்ணு திரும்பி கடலுக்கு. தடத்து மேல நடந்து கெடுத்துறாதீங்க, அதை வச்சுத்தான் அவங்க குழிய கண்டுபிடிக்கிறாங்க.

தரவை ஓரச் சேத்துல சின்னச் சின்னதா ஏதோ கை அசைக்குதேன்னு தோணும், ஒரு கை மட்டும் உடம்பளவு பெருசா இருக்கிற நண்டு, ஆம்பள நண்டு மட்டும்தான் அப்படி. நீங்க அசையாம ரெண்டு நிமிஷம் நின்னா எல்லாம் வளைய விட்டு வெளிய வந்துரும், நிழல் விழுந்தா சட்டுனு உள்ள போயிரும். நண்டு தின்னிக்கு இதுதான் சாப்பாடு, அதனால நண்டு இருக்கிற சேத்த முதல்ல கண்டுபிடிச்சா பறவைய அப்புறம் தேடலாம். மேல மணல் மேட்டுல குத்துற இராவணன் மீசையும் அடப்பங்கொடியும்தான் மணலைப் பிடிச்சு வச்சிருக்கு, அதைத் தாண்டி குடைவேல மரம். அந்த மரத்துலயும் கரண்ட் கம்பிலயும் பனங்காடை, பஞ்சுருட்டான் எல்லாம் உக்காந்திருக்கும், போற போக்குல பாத்துக்கங்க.

பைனாகுலர்: வாங்குறதா இருந்தா 8×42, அதுக்கு மேல 12, 16 மடங்குன்னு கடைக்காரர் சொல்றத கேக்காதீங்க, இந்தக் காத்துல கை ஆடும், ஒண்ணும் தெரியாது. பத்து மணிக்கு மேல சூடு ஏறி கானல் அலை வந்துட்டா லட்ச ரூபா லென்ஸ்ல எடுத்தாலும் தூரத்துப் பறவை நெளியும். ஒரு நாளைக்கு மட்டும்னா தெரிஞ்சவங்ககிட்ட இரவல் வாங்குங்க. உப்புக்காத்து படும், ராத்திரி ரூமுக்கு வந்ததும் ஈரத்துணில தொடச்சு வைங்க. தொப்பி, ரெண்டு மடங்கு தண்ணி கட்டாயம், நிழலே கிடையாது. இருட்டுறதுக்குள்ள வெளிய வந்துரணும், கடைசி நேரத்தை உள்ள போறப்பவே செக்போஸ்ட்ல கேட்டுக்கங்க. திரும்பி வர்றப்ப கடைல பவளம், கடல் விசிறி, காஞ்ச கடல் குதிரைன்னு எதாவது நீட்டினா வாங்காதீங்க, எல்லாம் வன உயிரினச் சட்டத்துல வர்றது, வித்தவனோட சேத்து உங்க மேலயும் கேஸ் ஆகும்.

ஒருவேளை உங்க பிளான் மாறி மே, ஜூன்ல வர்றீங்கன்னா அது வேற உலகம். தென்மேற்குல இருந்து வர்ற கச்சான் காத்து மூஞ்சில மணலை அள்ளி வீசும், பூநாரை கிளம்பியிருக்கும், கரையோரப் பறவை பெரும்பாலும் காலி. ஆனா சின்ன ஆலாவும் ஹனுமான் புளோவரும் வெறும் மணல்லயே முட்டை வச்சிருக்கும், கூடுன்னு ஒண்ணுமே இல்ல, ஒரு சின்னக் குழி, நாலு சிப்பி உடைசல், மணல் கலர்ல ரெண்டு மூணு முட்டை. கால் பக்கத்துல ஒரு புளோவர் றெக்கை உடைஞ்ச மாதிரி தரைல இழுத்துக்கிட்டுப் போச்சுன்னா அடிபட்டிருக்குன்னு பின்னாடி போகாதீங்க, முட்டைல இருந்து உங்கள நகத்துறதுக்கு அது போடுற நாடகம், அப்படியே வந்த வழிலயே திரும்பிருங்க. ஜீப்ப மணல்ல இறக்கி ஓட்டுறவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது. ஜூலை, ஆகஸ்ட்ல அதே காத்துல நடுக்கடல் பறவைங்க, பிரைடில்ட் ஆலா, நோடிங்கற (Noddy) கடல் ஆலா எல்லாம் கரைக்கு ஒதுங்கும், அதுக்குன்னே மதுரை, சென்னைல இருந்து ஆளுங்க வந்து முனைல கண்ணு கூச நின்னுக்கிட்டிருப்பாங்க, குடும்பத்தோட வர்ற நேரம் அது இல்ல.

இன்னொரு நாள் மிச்சம் இருந்தா பாம்பன் பக்கத்துல குந்துகால்ல விசாரிங்க, குருசடை தீவுக்கு வனத்துறை படகு ஓடுதான்னு. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவோட 21 தீவுல அது ஒண்ணு, 1986-ல அறிவிச்ச பூங்கா, மத்த தீவுல அனுமதி இல்லாம இறங்க முடியாது. கடல் ஆடுச்சுன்னா படகு இருக்காது. அப்ப காரங்காட்டுக்குப் போங்க, தொண்டி போற ரோட்டுல இருக்கு, அலையாத்திக் காட்டுக்குள்ள படகு, பெரியவங்களுக்கும் சிரமம் இல்ல, காலைல முதல் படகுலயே ஏறிருங்க.